அம்மாவுக்கு எத்தனை கிலோ?

போன வாரம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் இங்கே சிங்கப்பூரில் ஆபீசில் கூட வேலை செய்யும் தம்பி ஒருவன் போனை என் பக்கம் நீட்டினான். திரையில் இரண்டு முதுகுப்பைகள். ஒரே கம்பெனி, ஒரே கறுப்பு நிறம், ஒன்று 30 லிட்டர், இன்னொன்று 40. "அக்கா, நீங்கதான் அடிக்கடி ஊருக்குப் போயிட்டு வர்றீங்க, எது வாங்கலாம்? முப்பது வெள்ளிதான் வித்தியாசம், பெரிசையே எடுத்துடலாம்னு பாக்குறேன்." சின்னதை வாங்குப்பா என்று சொன்னேன். ஏன் என்று கேட்டான். சொல்ல ஆரம்பித்தேன், சாப்பாட்டு நேரம் முடிந்துவிட்டது, சொல்ல வந்ததில் பாதிகூட வெளியே வரவில்லை. இரண்டு வருஷமாக மனதுக்குள் உருண்டுகொண்டிருக்கும் விஷயம் இது, அதனால் இங்கே முழுதாக எழுதிவிடுகிறேன்.

எங்கள் வீட்டு அலமாரிக்கு மேலே ஒரு 40 லிட்டர் பை படுத்திருக்கிறது. நல்ல பை. ஜிப் இன்றைக்கும் வழுக்கிக்கொண்டு போகும், தையல் ஓரிடத்திலும் விடவில்லை. அப்பா தவறிய பிறகு அம்மா அறந்தாங்கிப் பக்கம் தனியாக இருக்கிறார். ஆறேழு வாரத்துக்கு ஒருமுறை, வியாழன் இரவு வேலை முடித்துக் கிளம்பி திங்கள் இரவு திரும்புகிற மாதிரி, நாலு நாள் போய்விட்டு வருகிறேன். அந்தப் போக்குவரத்துக்காகவே வாங்கிய பை அது. செக்-இன் லக்கேஜ் போட்டால் காசு ஒருபக்கம், திருச்சியில் இறங்கி பெல்ட் பக்கத்தில் காத்து நிற்கிற நேரம் இன்னொரு பக்கம். முதுகில் மாட்டினோமா, வெளியே வந்தோமா, புதுக்கோட்டைச் சாலையில் பஸ்ஸைப் பிடித்தோமா என்று இருக்க வேண்டும். அதற்கு எது சரியான பை என்று தேடியபோது எல்லோரும் ஒரே குரலில் சொன்ன எண் 40.

40 என்கிற எண்

அந்த எண் வானத்திலிருந்து விழவில்லை. கேபினுக்குள் கொண்டுபோகிற பைக்குப் பல விமானங்களில் சொல்லும் அளவு சுமாராக 55, 35, 23 செ.மீ. மூன்றையும் பெருக்கினால் 44 லிட்டர் சொச்சம் வருகிறது. பையின் துணி, பட்டை, வளைவு எல்லாம் தின்றது போக உள்ளே 40 நிற்கும். அனுமதித்த இடத்தில் ஒரு சென்டிமீட்டரைக்கூட வீணாக்காமல் வாங்கினால் வருகிற எண் அதுதான். நானும் அப்படித்தான் யோசித்தேன். கொடுத்த இடத்தை முழுக்க எடுத்துக்கொள்வதில் என்ன தப்பு?

ஆனால் விமானங்கள் போடும் கணக்கில் இரண்டு வரிகள் உண்டு, நாம் முதல் வரியை மட்டும் படிக்கிறோம். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் எகானமியில் ஒரு கேபின் பை, நீளம் அகலம் உயரம் மூன்றையும் கூட்டினால் 115 செ.மீ. தாண்டக் கூடாது, எடை 7 கிலோ. ஸ்கூட்டில் பெரிய பைக்கு 54, 38, 23 செ.மீ., அதோடு ஒரு சின்னப் பையும் கொண்டுபோகலாம். இரண்டும் சேர்த்து 10 கிலோ. ஏர் ஏஷியாவிலும் இரண்டு உருப்படி உண்டு, ஆனால் சேர்த்து 7 கிலோதான். இந்த விதிகள் மாறக்கூடியவை, டிக்கெட் எடுக்கிற அன்றைக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். எப்படி மாறினாலும் இந்தப் பக்கத்து விமானங்களில் முதலில் தீர்ந்துபோவது கிலோதான், இடம் அதற்கப்புறம். வீட்டில் நிறுத்துப் பார்த்திருக்கிறேன்: துணிமணியை நெருக்கி அடுக்கினால் ஒரு லிட்டர் இடத்துக்கு 200 முதல் 250 கிராம் வருகிறது. அப்படியானால் 7 கிலோவில் பையின் எடை போக மிச்சமுள்ள ஐந்தரைக் கிலோவுக்கு 25 லிட்டர் சொச்சம் போதும். லேப்டாப், சார்ஜர், மருந்து டப்பா என்று கனமான சாமான் சேரச் சேர இன்னும் குறைவான இடமே போதும். 40 லிட்டர் பையில் அதற்கு மேல் இருக்கிற இடம் முழுவதும், நிரப்பினால் அபராதம் கட்ட வேண்டிய இடம்.

இன்னொன்று, லிட்டர் என்பதும் எல்லாக் கடையிலும் ஒரே லிட்டர் இல்லை. பையின் கொள்ளளவை அளக்க ஒரு தரமுறை இருக்கிறது, 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள சின்னச் சின்னப் பிளாஸ்டிக் உருண்டைகளைப் பைக்குள் கொட்டி நிரப்பி, பிறகு அந்த உருண்டைகளை அளப்பார்கள். உருண்டை பையின் மூலைமுடுக்கெல்லாம் ஓடி நிறையும். நம் புடவையும் சுடிதாரும் அப்படி ஓடாது. வெளிப் பாக்கெட்டுகளைச் சேர்த்து எண்ணுகிறார்களா இல்லையா என்பதும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒரே எண் போட்ட இரண்டு பைகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று மற்றதைவிடத் தாராளமாக இருப்பது அதனால்தான்.

அப்புறம் பையின் சொந்த எடை. இதை விளம்பரத்தில் கடைசி வரியில் போடுவார்கள். ஆஸ்பிரேயின் ஃபார்பாயிண்ட் 40 ஒன்றரைக் கிலோவுக்கு மேல். பீக் டிசைன் 45 லிட்டர் பை காலியாகவே சுமார் 2 கிலோ. இரண்டும் அருமையான பைகள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒன்றில் இடுப்புப் பட்டையும் சட்டமும் தோளை நோகவிடாது, இன்னொன்றை எந்தப் பக்கத்திலிருந்தும் திறக்கலாம். அந்த வசதிக்கெல்லாம் எடை உண்டு. 7 கிலோ அனுமதியில் 2 கிலோவைப் பையே எடுத்துக்கொண்டால் ஏழில் இரண்டு பங்கு போயிற்று, இன்னும் ஒரு துணிகூட வைக்கவில்லை.

இதெல்லாம் இப்போது சொல்கிறேன். வாங்கும்போது எனக்கு இது ஒன்றும் தோன்றவில்லை. பெரிய பை என்றால் அம்மா கொடுப்பதை வைத்துக்கொள்ள இடம் இருக்கும், அவ்வளவுதான் நினைத்தேன்.

திருச்சி, இரவுக் கவுண்டர்

அது நாலாவது அல்லது ஐந்தாவது பயணம். அதுவரை கவுண்டரில் யாரும் என் பையை நிறுத்ததில்லை. ஆன்லைனில் செக்-இன் செய்துவிட்டு நேராக உள்ளே போய்விடுவேன், ஒன்றிரண்டு முறை பாஸ்போர்ட் பார்ப்பதோடு விட்டுவிட்டார்கள். அதனால் எடை என்பது எழுதி வைத்த விதி, அவ்வளவு கறாராக இருக்க மாட்டார்கள் என்ற தைரியம் வந்துவிட்டது. அன்றைக்கு வரிசையில் எல்லோருடைய பையையும் வாங்கித் தராசில் வைத்தார்கள். என்னுடையதைத் தூக்கி வைத்ததும் சிவப்பு எழுத்தில் 8.7 என்று நின்றது.

அந்தப் பெண் கோபப்படவில்லை, முகம் சுளிக்கவில்லை. "மேடம், 1.7 அதிகம். பணம் கட்டுறீங்களா, எடுத்துடுறீங்களா?" என்று கேட்டாள். முன்கூட்டியே ஆன்லைனில் வாங்கினால் ஒரு விலை, கவுண்டரில் நின்று வாங்கினால் வேறு விலை. அவள் சொன்ன தொகைக்கு நான் தேக்காவில் ஒரு மாதத்து மளிகை வாங்கிவிடுவேன். ஒதுங்கி வந்து, சுவர் ஓரமாகத் தரையில் உட்கார்ந்து பையைத் திறந்தேன். இந்தப் பை சூட்கேஸ் மாதிரி முழுதாக விரிந்து திறக்கும், வாங்கும்போது அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. இப்போது அத்தனை பேர் நடக்கிற இடத்தில் என் உள்பாவாடையிலிருந்து அம்மா கட்டிக் கொடுத்த வடகம் வரைக்கும் எல்லாமும் ஒரே நேரத்தில் விரிந்து கிடந்தன.

மேலாக இருந்தது எவர்சில்வர் தூக்கு. அப்பாவின் பெயரெழுத்தும் 1981 என்ற ஆண்டும் புள்ளி புள்ளியாக வெட்டிய தூக்கு, அம்மாவின் கல்யாணச் சீரில் வந்தது. மூடி கழன்றுவிடக் கூடாதென்று வாயைச் சுற்றிப் பழைய பருத்திப் புடவைக் கிழிசலால் இறுக்கிக் கட்டியிருந்தார். முடிச்சு பல்லால் இழுத்தால்தான் அவிழும், அம்மா போடுகிற முடிச்சு அப்படி. உள்ளே கைமுறுக்கு, ஒன்றின் மேல் ஒன்றாக, நடுவில் நடுவில் செய்தித்தாள் வட்டமாக வெட்டி வைத்து. தூக்குக்குக் கீழே இட்லிப் பொடி பாக்கெட், அதற்கும் கீழே வெங்காய வடகம். ஊறுகாய் தருவதை நிறுத்தியிருந்தார், எண்ணெய் மிதக்கிற எதுவும் 100 மில்லியைத் தாண்டினால் செக்யூரிட்டியில் எடுத்துவிடுவார்கள் என்று ஒருமுறை பட்ட பிறகு சொல்லி வைத்திருந்தேன். அதனால் காய்ந்த சாமானாகவே பார்த்துப் பார்த்துச் செய்திருந்தார்.

யாரிடம் திருப்பிக் கொடுப்பது? ஊர் இரண்டு மணி நேரத் தூரத்தில் இருக்கிறது, கொண்டுவந்து விட்ட கார் போய்விட்டது. அங்கே துப்புரவு வேலை பார்த்துக்கொண்டிருந்த இரண்டு அக்காமாரைக் கூப்பிட்டு, எங்கம்மா சுட்டது, சாப்பிடுங்க என்று முறுக்கை அவர்கள் நீட்டிய பையில் ஒவ்வொன்றாக அடுக்கினேன். பொடியையும் கொடுத்தேன். சார்ஜரை எடுத்து ஜாக்கெட் பாக்கெட்டில் திணித்துக்கொண்டேன். தூக்கைக் கொடுக்க மனம் வரவில்லை, காலியாகத் திரும்ப வைத்தேன். அதில் ஒரு அக்கா முறுக்கை அப்போதே உடைத்து வாயில் போட்டு, "சீரகம் தூக்கலா இருக்கு, நல்லாருக்கும்மா" என்றார். அந்த வார்த்தைக்கு எனக்குக் கண் கலங்கிவிட்டது. அம்மா கை முறுக்கில் சீரகம் எப்போதும் தூக்கலாகத்தான் இருக்கும்.

மறுபடி தராசு. 7.0. உள்ளே போய் கேட் பக்கத்தில் உட்கார்ந்தபோதுதான் ஒரு கணக்கு தலைக்குள் வந்தது, வந்தது போகவே இல்லை. பையிலிருந்து நான் இறக்கியது 1.7 கிலோ. பை வாங்கிய அன்று ஆசையாகச் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்திருக்கிறேன், அதன் காலி எடை 1.6 கிலோ. ஏறக்குறைய ஒன்றுதான். அம்மா நின்று பிழிந்து சுட்ட முறுக்கை இறக்கி வைத்துவிட்டு, அதே கனத்துக்கு நைலான் துணியும் அலுமினியக் கம்பியும் பஞ்சு வைத்த பட்டையும் சிங்கப்பூருக்குத் தூக்கிக்கொண்டு போகிறேன். அம்மாவுக்கு இடம் வேண்டும் என்று வாங்கிய பை, அம்மாவுடைய இடத்தில்தான் உட்கார்ந்திருந்தது.

சாங்கி விமான நிலையத்தில் இறங்கி செங்காங் வீட்டுக்கு வருகிற வரைக்கும் அது மட்டும்தான் மனதில் ஓடியது. வீட்டுக்கு வந்ததும் குளிக்கக்கூடப் போகவில்லை, பையைக் கொட்டி ஒவ்வொன்றாக நிறுத்து எழுதினேன். பை 1.6. லேப்டாப்பும் சார்ஜரும் 1.9. துணிமணி 2.4. மருந்து, பவுடர், சீப்பு, பவர் பேங்க் எல்லாம் சேர்த்து 0.6. மொத்தம் 6.5. ஏழில் இதைக் கழித்தால் அம்மாவுக்கு நான் ஒதுக்கியிருந்தது அரைக் கிலோ. அத்தனை பெரிய பையில் அம்மாவுக்கு அரைக் கிலோ!

ஐந்து கிலோ அரிசி

அடுத்த மாதம் முழுக்கப் பை பார்ப்பதே வேலையாக இருந்தது. காலாங்கில் ஸ்டேடியம் எம்ஆர்டி பக்கத்து டெகத்லானில் இரண்டு சனிக்கிழமை, முஸ்தபாவில் ஒரு ராத்திரி. கடையில் பையைக் காலியாக மாட்டிக் கண்ணாடியில் பார்த்தால் எல்லாப் பையும் நன்றாகத்தான் இருக்கிறது, அதை நம்பாதீர்கள். தோழி ஒருத்தியிடம் 20 லிட்டர், அண்ணன் மகனிடம் 28, என்னிடம் 40. மூன்றையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாங்கி வைத்துக்கொண்டு, ஐந்து கிலோ பொன்னி அரிசிப் பையை ஒன்று மாற்றி ஒன்றில் போட்டு, மேலே துணி அடைத்து, எங்கள் புளோக் படிக்கட்டில் ஏறி இறங்கிப் பார்த்தேன்.

20 லிட்டரில் ஐந்து கிலோ முழுவதும் தோளில் தொங்கியது. அரிசிக்கு மேல் துணியை அடைத்து முடித்ததும் பை உருண்டையாகிவிட்டது. உருண்டையான பை முதுகை விட்டு விலகி நிற்கும், விலகி நிற்கிற எடை பின்பக்கம் இழுக்கும். 40இல் இதற்கு நேர் எதிர்: அரிசி அடியில் போய் உட்கார்ந்துகொண்டு, மேலே வெறுமையாக, ஒவ்வொரு படிக்கும் உள்ளே ஆடியது. பக்கத்துப் பட்டைகளை இழுத்து இறுக்கினால் கொஞ்சம் அடங்குகிறது, ஆனால் பாதி காலியான பெரிய பை தன் இஷ்டத்துக்குத்தான் தொங்கும். எனக்கு இன்னொரு சிரமமும் இருந்தது. நான் ஐந்தடி ஒரு அங்குலம். அந்தப் பையின் சட்டம் என் முதுகைவிட நீளம், இடுப்புப் பட்டை இடுப்பெலும்பின் மேல் உட்காராமல் அதற்குக் கீழே போய்விடுகிறது. இடுப்பில் சரியாக உட்கார்ந்தால்தான் அந்தப் பட்டை தோள் சுமையை வாங்கிக்கொள்ளும், இல்லையென்றால் சும்மா அரைக் கிலோ அலங்காரம். பையின் உயரத்தைவிட நம் முதுகின் உயரம் முக்கியம், பிடரியில் துருத்தும் எலும்பிலிருந்து இடுப்பெலும்பின் மேல் விளிம்பு வரைக்கும் டேப்பால் அளந்துகொண்டு கடைக்குப் போங்கள்.

28இல் அரிசி முதுகோடு ஒட்டி நின்றது. அதைச் சொல்ல இதைவிட நல்ல வார்த்தை எனக்குக் கிடைக்கவில்லை. குழந்தையை உப்புமூட்டை தூக்குகிறபோது அது கழுத்தைக் கட்டிக்கொண்டு ஒட்டிக்கொள்ளுமே, அந்த மாதிரி. கடைசியில் நான் வாங்கியதும் ஒரு 28 லிட்டர் பைதான், பேர் தெரியாத கம்பெனி, 850 கிராம். இடுப்பில் மெல்லிய பட்டை மட்டும், சட்டம் கிடையாது. ஏழு கிலோவுக்கு அது போதும்.

இதில் எனக்கே எதிராக ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். பையை மாற்றியதில் கிடைத்தது முக்கால் கிலோதான். பெரிய லாபம் துணியில் வந்தது. இரண்டு நைட்டி, இரண்டு சுடிதார், ஒரு புடவை, ஒரு துண்டு, பல் தேய்க்கிற சாமான் எல்லாவற்றையும் அம்மா வீட்டு பீரோவிலேயே ஒரு தட்டில் வைத்துவிட்டு வந்தேன். அடிக்கடி போகிற இடத்துக்குத் துணியைத் தூக்கிக்கொண்டு போய்த் தூக்கிக்கொண்டு வருவதில் அர்த்தமே இல்லை. துணி 2.4இலிருந்து 0.8ஆக இறங்கியது. பவர் பேங்கிலும் ஒரு செங்கல் குறைந்தது. 20,000 எம்ஏஎச் வைத்திருந்தேன், 2025 ஏப்ரல் 1 முதல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸிலும் ஸ்கூட்டிலும் பறக்கும்போது பவர் பேங்கில் சார்ஜ் போடவே கூடாது என்று வந்த பிறகு, நாலு மணி நேரப் பயணத்துக்கு அவ்வளவு பெரியது எதற்கு என்று 10,000 வாங்கிக்கொண்டேன். பவர் பேங்கை செக்-இன்னில் போட முடியாது, கையோடுதான் வர வேண்டும், அதனால் அதன் ஒவ்வொரு கிராமும் நம் ஏழு கிலோவில்தான் கழியும். இப்போது கணக்கு: பை 0.85, லேப்டாப் 1.9, துணி 0.8, மற்றது 0.45. மொத்தம் 4. மிச்சம் 3 கிலோ. 40 லிட்டரில் அரைக் கிலோ, 28 லிட்டரில் 3 கிலோ.

போகும்போது அந்த மூன்று கிலோவில் மைலோ, சாக்லெட், பக்கத்து வீட்டுச் சித்திக்கும் மாமாவுக்கும் கோடாலித் தைலம். தைலத்தில் பெரிய புட்டியே 56 மில்லிதான், 100க்குள் அடங்கும், ஆனால் எல்லாப் புட்டியும் அந்த ஒரு லிட்டர் ஜிப் பைக்குள் நிற்க வேண்டும். சாங்கியில் டெர்மினல் 1, 2, 3இல் செக்யூரிட்டி கேட் பக்கத்தில்தான் இருக்கிறது, அங்கே போய் மாட்டிக்கொண்டால் திரும்பி வந்து யாரிடமும் கொடுத்துவிட்டுப் போகவும் முடியாது. வீட்டிலேயே ஜிப் பையை மூடிப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

நாளைக்கே கிளம்புறியா

புதுப் பையோடு முதல்முறை போனபோது பஸ்ஸில் எனக்கு ஒரே சந்தோஷம். புதுக்கோட்டையில் மாறி அறந்தாங்கி பஸ்ஸில் ஏறினால் கூட்டம், உட்கார இடம் கிடைத்தாலும் பழைய பையை மடியில் வைத்தால் முன்னால் இருப்பவர் தலை தெரியாது, பக்கத்தில் இருப்பவர் பாதி வெளியே தொங்குவார். இது மடியில் அடக்கமாக உட்கார்ந்தது, அதன் மேல் கை வைத்துத் தூங்கியே போனேன். இறங்கி நடந்து வீட்டு வாசலுக்குப் போனால் அம்மா திண்ணையில். என்னைப் பார்த்த முகம் மலர்ந்து, முதுகைப் பார்த்ததும் வாடியது.

"என்னாத்தா, ஆபீசுக்குப் போற பையத் தூக்கிட்டு வந்திருக்கே? நாளைக்கே கிளம்புறியா?"

இல்லம்மா, திங்கட்கிழமைதான் என்றேன். சரி சரி என்றார். ஆனால் நம்பவில்லை. சனிக்கிழமை வரைக்கும் வீட்டில் பலகாரம் எதற்கும் அரிசி ஊறவில்லை. மாவு திரிக்கப் போகலையா என்று நானே கேட்டபோது, "அதுல எங்க வைப்ப, உன் லேப்டாப்புக்கே எடம் பத்தாது" என்று அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

அவருக்கு அந்தப் பை ஒரு செய்தி. எங்கள் பக்கம் பல ஊர்களில் கடல் கடந்து சம்பாதிக்கப் போனவரைச் சபுராளி என்பார்கள், சபுராளி வந்தால் தெருவே பெட்டி பார்க்கும். என் தாத்தா ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்தில் வந்து இறங்கியவர், 1926இல் கட்டிய கப்பல், எழுபதுகளின் தொடக்கம் வரை ஓடியது. அவர் கொண்டுவந்த டிரங்குப் பெட்டி இன்றும் அம்மா வீட்டில் நெல் கொட்டி வைக்கிற இடத்தில் இருக்கிறது, அதைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். பிறகு விமானத்தில் வந்த மாமன்மார் கயிறு போட்டுக் கட்டிய அட்டைப் பெட்டியில் கொட்டை எழுத்தில் பெயரும் ஊரும் எழுதிக் கொண்டுவந்தார்கள். பெட்டி எத்தனை பெரிசோ அத்தனை நாள் இருப்பார்கள் என்று அம்மா சின்ன வயதிலிருந்து பார்த்துப் பழகியிருக்கிறார். அந்த வீட்டு வாசலில் நான் முதுகோடு ஒட்டிய ஒரு பையோடு போய் நின்றால் வேறு எப்படி அர்த்தமாகும்? பையின் அளவைப் பற்றி நான் படித்த எதிலும் இந்த அளவு இல்லை. எனக்கு இது லிட்டரைவிடவும் கிலோவைவிடவும் பெரிய விஷயமாகப் பட்டது, இன்றும் படுகிறது.

அன்றைக்கு மத்தியானம் பீரோவைத் திறந்து என் தட்டைக் காட்டினேன். போன தடவை வைத்துவிட்டுப் போன துணியை அம்மா துவைத்து மடித்து, நடுவில் ஒரு பச்சைக் கற்பூரப் பொட்டலம் வைத்திருந்தார். இதெல்லாம் இங்கதானே இருக்கு, அதனாலதான் பை சின்னது, பை சின்னதானாதான் நீ குடுக்குறத நான் கொண்டுபோக முடியும் என்று விளக்கினேன். வாயால் சொன்னது போதவில்லை. கைப்பையிலிருந்து தொங்குதராசை எடுத்தேன், முஸ்தபாவில் வாங்கிய டிஜிட்டல் தராசு, கொக்கியில் மாட்டித் தூக்கினால் எண் காட்டும். பையை மாட்டி அம்மா கையில் கொடுத்துத் தூக்கச் சொன்னேன். 4.0. இன்னும் மூணு கிலோ உன்னோடதுதாம்மா என்றேன். அம்மா எண்ணைப் பார்த்தார், பையைப் பார்த்தார், அதை இறக்கி வைத்துவிட்டு நேராகச் சமையலறைக்குப் போய் அரிசி டப்பாவைத் திறந்தார்.

தராசை அவரிடமே விட்டுவிட்டு வந்தேன். சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியடித்து, காபி வடிகட்டுகிற துணிக்குப் பக்கத்தில் மாட்டி வைத்திருக்கிறார். பொட்டலங்களைப் பழைய மஞ்சள் பையில் போட்டுக் கொக்கியில் மாட்டி நிறுத்து, மஞ்சள் பையின் எடையைத் தனியாகக் கழித்துக்கொள்கிறார், அதை நான் சொல்லித் தரவில்லை. எவர்சில்வர் தூக்கு இப்போது வருவதில்லை, நானூறு கிராம் என்று அவரே நிறுத்துவிட்டார். முறுக்கு பால் கவரில் வருகிறது, அதே முடிச்சோடு. ஸ்கூட்டில் டிக்கெட் கிடைத்தால் முன்கூட்டியே சொல்லிவிடுவேன், பத்து கிலோ என்றால் அந்த மாதம் அரிசி மாவும் சத்து மாவும் சேரும்.

தம்பிக்கு இதையெல்லாம் எப்படிச் சொல்வது? அவன் டிசம்பரில் ஜப்பானுக்குப் பத்து நாள் போகிறானாம், குளிர் ஜாக்கெட் இடத்தை அடைக்கும், ஆனால் அவ்வளவாகக் கனக்காது, ஆறடி உயரம் வேறு. அவனுக்கு 40 சரியாகவே இருக்கலாம் என்று யோசித்துவிட்டு மறுநாள் போய்ச் சொன்னேன். அலமாரி மேலே இருக்கிற என் பையை எடுத்துக்கொண்டு போ, முதலில் அரிசி போட்டு மாட்டிப் பார் என்றும் சொன்னேன். சனிக்கிழமை வந்து வாங்கிக்கொள்கிறான்.

நான் அடுத்த வியாழன் கிளம்புகிறேன். நேற்று இரவு அம்மா போன் செய்தார். சாப்பிட்டியா என்று கேட்பதற்கு முன்னாலேயே, "இந்தத் தடவை லேப்டாப்பு வருதா? வரலன்னா அதையும் சேத்து எனக்குக் குடு, நாலு தொள்ளாயிரம் ஆகுது" என்றார்.